துல்சா, 1994: கீழே கிடந்தவர் வென்ற 15 நிமிடம் 49 நொடி

1994 டிசம்பர் 16 அன்று அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்திலுள்ள துல்சா நகரில், வெவ்வேறு சண்டைக் கலைக்காரர்கள் கூண்டுக்குள் மோதும் யுஎஃப்சி தொடரின் நான்காவது போட்டி நடந்தது. வீட்டில் உட்கார்ந்து, காசு கட்டி, தொலைக்காட்சியில் பார்த்தவர்களில் பலருக்கு இறுதிச் சண்டையின் முடிவைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஒதுக்கிய ஒளிபரப்பு நேரம் தீர்ந்துபோனதால் சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே திரை அணைந்துவிட்டது. சுமார் 118 கிலோ எடையுள்ள மல்யுத்த வீரர் டான் செவர்ன், 80 கிலோ சொச்சம் இருந்த ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசியை மல்லாக்கப் போட்டு அவர் மேல் படுத்திருந்தார். அதுவரை பார்த்த எவரும் செவர்ன்தான் ஜெயிக்கப்போகிறார் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் 15 நிமிடம் 49 நொடியில் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டவர் மேலே இருந்த செவர்ன்தான். கீழே கிடந்தவர் வென்றார்.

தரையில் பிடி போட்டு வெல்லும் கலையான பிரேசிலிய ஜியு-ஜிட்சு, பல கலைகள் கலந்த சண்டை விளையாட்டான எம்எம்ஏ-வை எப்படி மாற்றியது என்ற பேச்சு வந்தால் பெரும்பாலானோர் 1993-இல் நடந்த முதல் யுஎஃப்சியைத்தான் காட்டுவார்கள். நான் துல்சாவைக் காட்டுவேன். முதல் போட்டியில் ராய்ஸிடம் தோற்றவர்களில் இருவர் தரையில் என்ன செய்வதென்றே தெரியாத, நின்று அடிக்கும் வீரர்கள். நீச்சல் தெரியாதவரை ஆற்றில் தள்ளிவிட்டு வென்றதாகக்கூட அதைச் சொல்லிவிடலாம். செவர்ன் விஷயம் வேறு. எதிராளியைத் தூக்கித் தரையில் போட்டு அழுத்துவதுதான் அவர் பல வருடம் செய்துவந்த வேலை. தரை அவருடைய சொந்த இடம். அங்கேயே அவர் தோற்றார் என்பதால்தான் இந்தச் சண்டையை விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

துல்சாவுக்கு முன்

ஜப்பானின் கோடோகான் ஜூடோ பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயெடா 1914-இல் பிரேசிலுக்கு வந்தார். ஊர் ஊராகப் பந்தயச் சண்டைகள் போட்ட அவர், பிற்பாடு வடக்கே பெலேம் நகரில் தங்கினார். அங்கே கஸ்தாவோ கிரேசி என்பவரின் மூத்த மகன் கார்லோஸ் அவரிடம் கற்றுக்கொண்டார். குடும்பம் ரியோ டி ஜெனிரோவுக்குப் பெயர்ந்த பிறகு 1925-இல் பயிற்சிக்கூடம் தொடங்கியது. கார்லோஸின் தம்பி ஹீலியோ ஒல்லியான உடம்புக்காரர். பலமான எதிராளியைத் தூக்கி எறிய முடியாதவர், கீழே இருந்தபடியே தாக்குப்பிடித்து, நேரம் பார்த்துப் பிடி போடுவதில் ஊறிப்போனார். இந்தக் கலையில் மல்லாந்து கிடப்பவரின் வேலைக்கு இவ்வளவு முக்கியத்துவம் வந்ததில் அவருடைய பங்கு பெரிது.

கிரேசி குடும்பம் மட்டுமே இதை வளர்த்தது என்று சொல்வது நியாயமாகாது. மயெடாவிடம் பயின்ற லூயிஸ் ஃபிரான்சா, அவரிடம் கற்ற ஒஸ்வால்டோ ஃபத்தா என்று இன்னொரு கிளையும் உண்டு. ரியோவின் ஏழைப் புறநகர்களில் சொற்பக் காசுக்கும் இலவசமாகவும் சொல்லிக்கொடுத்தவர் ஃபத்தா. 1950-களில் அவருடைய மாணவர்கள் கிரேசி பயிற்சிக்கூடத்தோடு மோதி வென்றிருக்கிறார்கள். ஜூடோவிலும் தரைப் பிடிகளுக்குக் குறைவில்லை. துல்சாவில் செவர்னை முடித்த முக்கோணப் பிடியே ஜூடோவில் வெகுகாலமாக இருப்பதுதான். ஆனால் இந்தப் பிடிகளைக் குத்தும் உதையும் விழும் உண்மையான சண்டையில் வைத்துச் சோதித்துக்கொண்டே இருந்தது பிரேசில்தான். 'எல்லாம் செல்லும்' என்று பொருள்படும் வாலே டுடோ சண்டைகள் அங்கே பல பத்தாண்டுகள் நடந்தன. அதில் தோல்வியும் சேர்த்தி. 1951-இல் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா ஹீலியோவின் கையை முறுக்கித் தோற்கடித்தார். அந்தக் கைமுறுக்குப் பிடியை இன்றுவரை உலகமெங்கும் ஜியு-ஜிட்சுக்காரர்கள் 'கிமுரா' என்றே அழைக்கிறார்கள். தன்னை வென்றவரின் பெயரையே பிடிக்கு வைத்துக்கொண்ட அந்தப் பழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஹீலியோவின் மகன் ரோரியன் 1978-இல் கலிஃபோர்னியாவில் குடியேறி, வீட்டு கராஜில் பாய் விரித்து ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். எந்தக் கலைக்காரரும் வந்து மோதலாம் என்ற குடும்பச் சவாலையும் கூடவே கொண்டுவந்திருந்தார். விளம்பரத் துறையிலிருந்த ஆர்ட் டேவியோடு அவர் சேர்ந்ததில் அந்தச் சவால் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியாக வடிவெடுத்தது. 1993 நவம்பர் 12 அன்று டென்வரில் முதல் யுஎஃப்சி. எடைப்பிரிவு கிடையாது, கையுறை கட்டாயமில்லை. குடும்பத்தில் மிகச் சிறந்தவர் என்று பெயரெடுத்த ரிக்சனை விட்டுவிட்டு ஒடிசலான தம்பி ராய்ஸைக் கூண்டுக்குள் அனுப்பியது ரோரியன் போட்ட கணக்கு. கட்டுமஸ்தான ஒருவர் ஜெயித்தால் ஜனங்கள் உடம்பைப் பாராட்டுவார்கள், ராய்ஸ் ஜெயித்தால் கலையைத்தான் பாராட்டியாக வேண்டும்.

கணக்கு பலித்தது. ஒரே ஒரு கையில் மட்டும் கையுறை மாட்டி வந்த குத்துச்சண்டை வீரர் ஆர்ட் ஜிம்மர்சன், பிறகு கென் ஷாம்ராக், கடைசியில் ஜெரார்டு கோர்டோ என்று மூவரையும் ஒரே இரவில் ராய்ஸ் முடித்தார். நம்மூரில் 90-களின் கடைசியில் டபிள்யூடபிள்யூஎஃப் பார்த்தவர்களுக்கு அந்த ஷாம்ராக்கை நன்றாகவே தெரியும். அந்த இரவில் அவர் 57 நொடி தாங்கினார். 1994 மார்ச்சில் நடந்த இரண்டாவது போட்டியில் ராய்ஸ் ஒரே இரவில் நான்கு பேரை வென்றார். செப்டம்பரில் நடந்த மூன்றாவதில் கிமோ லியோபோல்டோவை வென்றாலும், அந்தச் சண்டையில் சக்தியெல்லாம் போய், அடுத்த சுற்றுக்கு நிற்க முடியாமல் விலகினார். பலசாலி ஒருவர் விடாமல் மல்லுக்கட்டினால் ராய்ஸும் தளர்ந்துபோவார் என்று அன்று தெரிந்தது. துல்சாவுக்கு அவர் அந்தச் சந்தேகத்தோடுதான் வந்தார்.

அந்தச் சண்டை

செவர்னுக்கு அப்போது வயது 36. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக மல்யுத்தம் செய்தவர், தேசிய அளவில் பல பட்டங்கள் வென்றவர், தொழில்முறை ரெஸ்லிங்கிலும் இருந்தவர். இந்தப் போட்டிக்காக அவர் எடுத்த தனிப் பயிற்சி சில நாட்கள்தான். அதுவும் ரெஸ்லிங் ஆட்களோடு. பின்னாளில் டபிள்யூடபிள்யூஎஃப்-இல் புகழ்பெற்ற அல் ஸ்னோ அவர்களில் ஒருவர். முதல் சுற்றில் ஆண்டனி மாசியாஸை இடுப்போடு கட்டித் தூக்கிப் பின்பக்கமாக இரண்டு முறை வீசினார் செவர்ன். அந்த வீச்சுகளை இன்று பார்த்தாலும் கழுத்து கூசுகிறது. அடுத்தவரை ஒரு நிமிடத்துக்குள் முடித்தார். ராய்ஸோ 51 வயதான ரான் வான் கிளீஃபையும், பிறகு கீத் ஹாக்னியையும் வென்று வந்திருந்தார். ஹாக்னி அவரைச் சுலபமாக விடவில்லை, ஐந்து நிமிடத்துக்கு மேல் இழுத்தடித்தார்.

இறுதிச் சண்டை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே செவர்ன் ராய்ஸைத் தரைக்குக் கொண்டுபோய்விட்டார். அதற்கப்புறம் முடிவு வரை சண்டை தரையில்தான், பெரும்பாலும் கூண்டின் வலையை ஒட்டி. பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும் பகுதி இது. உண்மையில் நிறைய நடந்தது.

ராய்ஸ் மல்லாந்து கிடக்கிறார், இரண்டு கால்களும் செவர்னின் இடுப்பைச் சுற்றியிருக்கின்றன. 'கார்டு' எனப்படும் நிலை இதுதான். செவர்ன் எழும்பிக் குத்தப் பார்த்தால் ராய்ஸ் இடுப்பை நகர்த்தி, முழங்காலாலும் பாதத்தாலும் தள்ளி இடைவெளியைக் கூட்டுகிறார். தலையைத் தாழ்த்தி அழுத்தினால் கழுத்தையும் கையையும் சேர்த்து அணைத்துக்கொள்கிறார். குத்து பலமாக விழ வேண்டுமானால் ஒரு குறிப்பிட்ட தூரம் வேண்டும். அந்தத் தூரத்தில் செவர்னை நிற்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் ராய்ஸின் கால்களுக்கு முழுநேர வேலை. நடுநடுவே குதிகாலால் செவர்னின் முதுகிலும் விலாவிலும் இடிக்கிறார். வலிக்கவைப்பதைவிட எரிச்சலூட்டுவதற்கான இடி அது. எரிச்சலடைந்தவர் எங்கேயாவது கையை நகர்த்துவார் அல்லவா?

செவர்னிடம் குறை என்னவென்றால், மேலே ஏறிய பிறகு என்ன செய்வது என்ற திட்டம் இல்லாததுதான். மல்யுத்தத்தில் எதிராளியின் முதுகு தரையில் பட்டால் வேலை முடிந்தது. அங்கே கீழே இருப்பவர் பதறுவார், திமிறுவார், புரண்டு கவிழப் பார்ப்பார். ராய்ஸ் பதறவே இல்லை. செவர்னுக்கு இன்னொரு தடையும் இருந்தது: ஒரு மனிதனை முகத்தில் குத்துவதற்கு அவர் மனசு இடம் கொடுக்கவில்லை. எதிராளியைவிடத் தன் மனசாட்சியோடு தான் போராடியதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். முன்கையால் அழுத்தினார், அங்கங்கே தட்டினார், தலையால் முட்டினார். முழு மனதோடு அடிக்கவில்லை. அடித்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம் என்பதை ஜியு-ஜிட்சுவை நேசிக்கிற நானும் ஒத்துக்கொள்கிறேன்.

பத்து நிமிடம் தாண்டிய பிறகு ராய்ஸின் கால்கள் மெல்ல இடுப்பிலிருந்து மேலேறுகின்றன. கடைசியில் ஒரு கால் செவர்னின் பிடரிக்குக் குறுக்கே விழுகிறது. செவர்னின் ஒரு கை கால்களுக்கு உள்ளே, இன்னொன்று வெளியே. முக்கோணப் பிடிக்கு இந்த 'ஒன்று உள்ளே, ஒன்று வெளியே' என்பதுதான் ஆதாரம். பிடரியில் விழுந்த காலின் கணுக்காலை மற்றக் காலின் முழங்கால் மடிப்புக்குள் செருகி இறுக்கினால், கழுத்தின் ஒரு பக்கத்தைப் பிடிப்பவரின் தொடை அழுத்தும், மறு பக்கத்தை மாட்டிக்கொண்டவரின் சொந்தத் தோளே அழுத்தும். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு பக்கத்துக் குழாய்களும் நசுங்குகின்றன. பிடி சரியாக விழுந்துவிட்டால் எவ்வளவு பெரிய பயில்வானும் பத்து நொடி சுமாருக்குள் நினைவிழப்பார். மூச்சைப் பிடித்துத் தாக்குப்பிடிக்கிற வேலையே இங்கே எடுபடாது, ஏனென்றால் அடைபடுவது காற்று அல்ல, ரத்தம்.

இந்த வலையிலிருந்து தப்பும் வழி எளியதுதான்: ஆரம்பத்திலேயே முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் ஒரே பக்கம் வைத்துக்கொள்வது. இன்று பயிற்சிக்கூடத்தில் சேர்ந்த முதல் மாதத்தில் சொல்லித்தருகிற பாடம் இது. செவர்னுக்கு அதைச் சொல்ல யாருமில்லை. அவர் பல வருடமாகப் பழகியது இதற்கு நேர் எதிரானது: தலையைத் தாழ்த்து, நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டு, எடையை இறக்கு. ஒவ்வொரு முறை அவர் இன்னும் கெட்டியாக அழுத்தியபோதும் கழுத்தை அந்தக் கால்களுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். அவருடைய பலமே அவரை மாட்டிவைத்தது. பிடி விழுந்த பிறகும் உடனே விட்டுக்கொடுக்காமல் திமிறிப் பார்த்தார். ராய்ஸ் உடும்புப் பிடியாக விடவில்லை. செவர்ன் தட்டினார்.

கூண்டுக்குப் பின்னால் நடந்தது

பார்க்க முடியாமல் போனவர்கள் காசைத் திருப்பிக் கேட்டார்கள், அமைப்பாளர்களுக்குப் பெரிய நஷ்டம். ஆகவே துல்சாவின் முதல் விளைவு தற்காப்புக் கலையைச் சேர்ந்ததாக இல்லாமல் ஒளிபரப்பைச் சேர்ந்ததாக இருந்தது: 1995 ஏப்ரலில் நடந்த ஐந்தாவது போட்டியில் கால வரம்பு வந்தது. அதற்கு உடன்படாத ரோரியன் அந்தப் போட்டியோடு நிறுவனத்தை விட்டு விலகினார். ராய்ஸும் போனார். கால வரம்பு வந்தால் கிரேசி ஜியு-ஜிட்சுவின் உயிர்நாடியே போய்விடும் என்பது ரோரியனின் வாதம். அவர் சொன்னதில் உண்மை இருந்தது, அதற்குப் பின்னால் வருகிறேன்.

அதே ஐந்தாவது போட்டியில் ராய்ஸும் ஷாம்ராக்கும் மறுபடி மோதினார்கள். முதல் சண்டையில் 57 நொடியில் வீழ்ந்த ஷாம்ராக் இந்த முறை 36 நிமிடம் ராய்ஸின் கார்டுக்குள்ளேயே படுத்திருந்தார். கையை நீட்டவில்லை, கழுத்தைக் கொடுக்கவில்லை, அவசரப்படவில்லை. சண்டை சமனில் முடிந்தது. பார்க்கச் சலிப்பான சண்டைதான். ஆனால் ஒன்றரை வருடத்துக்குள் ஒருவர் பாடம் படித்துவிட்டார் என்பதற்கு அதுவே அத்தாட்சி. செவர்னும் படித்தார். அந்தப் போட்டித் தொடரை அவர் வென்றபோது அடிப்பதற்குத் தயங்கவில்லை.

மார்க் கோல்மன் 1996-இல் வந்தபோது மல்யுத்தக்காரர்களின் பதில் முழுமையாகிவிட்டது. கார்டுக்குள் இருந்தபடியே, தலையை எதிராளியின் நெஞ்சில் பதித்துக்கொண்டு, விடாமல் குத்துவது. 1997 பிப்ரவரியில் முதல் ஹெவிவெயிட் பட்டத்துக்காக அவர் தோற்கடித்தது வேறு யாரையுமல்ல, செவர்னைத்தான். அதற்கு மறு பதிலும் அதே வருடம் வந்தது. ஜூலையில் கிக்பாக்ஸர் மாரிஸ் ஸ்மித், கோல்மனுக்குக் கீழே கிடந்து, கால்களால் அவரைக் கட்டுப்படுத்தி, மூச்சு வாங்கவைத்து, பிறகு எழுந்து நின்று உதைத்துப் பட்டத்தை வென்றார். ஸ்மித்துக்குத் தரைச் சண்டை சொல்லித்தந்தவர்கள் ஜப்பானியப் போட்டிகள் வழியாக வந்தவர்கள். எனவே இதை நேரடியாகப் பிரேசில் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் ஒரு கிக்பாக்ஸர் மல்லாந்து கிடந்து ஒரு மல்யுத்த சாம்பியனைக் களைப்படையவைக்கலாம் என்ற யோசனை 1993-க்கு முன்னால் அமெரிக்காவில் யாருக்கும் வந்திருக்காது.

ஜப்பானில் நடந்ததுதான் கிரேசி குடும்பத்துக்கு மிகக் கசப்பானது. 2000 மே 1 அன்று டோக்கியோ டோம் அரங்கில் ராய்ஸ், கசுஷி சகுராபாவோடு மோதினார். சுற்றுகளுக்கு எண்ணிக்கை இருக்கக்கூடாது, நடுவர் நிறுத்தக்கூடாது என்று கிரேசி தரப்பே கேட்டு வாங்கிய நிபந்தனைகள். 15 நிமிடச் சுற்றுகள் ஆறு, மொத்தம் 90 நிமிடம். கால்களில் உதை வாங்கி வாங்கி ராய்ஸால் எழ முடியாமல் போக, அவர் தரப்பினர் துண்டை வீசினார்கள். காலம் நீண்டால் நமக்குத்தான் லாபம் என்ற நம்பிக்கை அன்று உடைந்தது. சகுராபா ரென்ஸோ, ராய்லர், ரையன் ஆகிய கிரேசிகளையும் வென்றவர். ராய்லரிடமும் ரென்ஸோவிடமும் அவர் பயன்படுத்தியது கிமுராவின் அதே கைமுறுக்கு.

லெஸ்னரைப் பாருங்கள்

இந்தச் செல்வாக்கை ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமானால் ப்ராக் லெஸ்னரைவிட நல்ல உதாரணம் கிடையாது. தமிழ் வாசகர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் ரெஸ்லிங் மேடைக்கு முன்பே அவர் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தின் தேசிய சாம்பியன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதாவது இன்னொரு செவர்ன், இன்னும் பெரியவர், இன்னும் வேகமானவர், அடிக்கத் தயக்கமே இல்லாதவர்.

2008 பிப்ரவரியில் யுஎஃப்சியில் அவருடைய முதல் சண்டை. எதிரில் ஜியு-ஜிட்சுவில் கறுப்புப் பட்டை வாங்கிய ஃபிராங்க் மிர். லெஸ்னர் அவரைத் தரையில் போட்டுத் துவைத்தெடுத்தார். முழுதாக ஒன்றரை நிமிடம்தான் ஆகியிருந்தது. மிர் அவருடைய காலைப் பிடித்து முழங்காலை நிமிர்த்தி முறிக்கும் பிடியைப் போட்டார். லெஸ்னர் தட்டினார்.

2009 ஜூலையில் மறுபடி மிர். இந்த முறை லெஸ்னர் மேலே ஏறியதும் அவசரமே காட்டவில்லை. மிரின் இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து அழுத்தி, கால்களுக்கு வேலையில்லாமல் செய்து, கையைப் பூட்டி வைத்துக்கொண்டு குத்தினார். இரண்டாவது சுற்றில் நடுவர் நிறுத்தினார். துல்சாவில் செவர்ன் செய்யத் தவறிய எல்லாம் அந்தச் சண்டையில் இருக்கிறது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். 2010 ஜூலையில் ஷேன் கார்வின் முதல் சுற்று முழுக்க லெஸ்னரை அடித்து நொறுக்கினார். களைத்துப்போய் இரண்டாவது சுற்றுக்கு வந்த கார்வினை லெஸ்னர் தரையில் சாய்த்து, கையையும் கழுத்தையும் சேர்த்து நெரிக்கும் பிடியால் தட்டவைத்தார். கைகளால் போடும் முக்கோணப் பிடி என்று அதைச் சொல்லலாம். அவருக்கு ஜியு-ஜிட்சு சொல்லித்தந்தவர் 'கொம்ப்ரிடோ' என்று அழைக்கப்படும் பிரேசில்காரர் ரோட்ரிகோ மெடெய்ரோஸ். இரண்டரை வருடத்தில் மூன்று சண்டை: பிடியில் மாட்டினார், பிடியைத் தடுத்தார், பிடியைப் போட்டார். எம்எம்ஏ மொத்தமும் பதினைந்து வருடம் எடுத்துக்கொண்ட பயணத்தை லெஸ்னர் என்ற ஒரே ஆள் நடந்து காட்டினார்.

தெரிந்திருந்தும் மாட்டுவது

அப்படியானால் எல்லோரும் கற்றுக்கொண்ட பிறகு இந்தக் கலையின் வேலை முடிந்துவிட்டதா? முடிந்துவிட்டது என்று சொல்பவர்களுக்கு 2010 ஆகஸ்ட் 7-ஐ நினைவூட்ட வேண்டும். கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில் மிடில்வெயிட் சாம்பியன் அண்டர்சன் சில்வாவை, மல்யுத்தத்திலிருந்து வந்த சேல் சோனன் நான்கு சுற்றுகளுக்கு மேல் தரையில் வைத்துக் குத்தினார். புள்ளிக் கணக்கில் சில்வாவுக்கு வாய்ப்பே இல்லை. ஐந்தாவது சுற்றில் 3 நிமிடம் 10 நொடி, இன்னும் இரண்டு நிமிடம்கூட மீதமில்லை. கீழே கிடந்த சில்வாவின் கால் சோனனின் பிடரியில் விழுந்தது. முக்கோணம், கூடவே கைமுறிப்பு. சோனன் தட்டினார். சில்வா நின்று அடிப்பதற்குப் பேர்போனவர், ஜியு-ஜிட்சுவில் நொகேரா சகோதரர்களிடம் கறுப்புப் பட்டை வாங்கியவர் என்பதைப் பலர் மறந்திருந்த நேரம்.

துல்சாவோடு ஒப்பிட்டால் இங்கே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. செவர்னுக்கு முக்கோணப் பிடி என்றால் என்னவென்று தெரியாது. சோனனுக்கு நன்றாகத் தெரியும். அதற்கு முந்தைய வருடம்தான் டீமியன் மயாவிடம் அதே முக்கோணப் பிடியில் தோற்றிருந்தார். அறியாமையால் மாட்டுவது ஒரு வகை. 23 நிமிடம் மேலே இருந்து அடித்துக் களைத்துப்போன கை ஒரே ஒரு கணம் தவறான பக்கம் போய்விடுவது இன்னொரு வகை. அறிவு பரவிய பிறகு ஜியு-ஜிட்சுக்கு மிஞ்சியிருப்பது இந்த இரண்டாவது வகைதான், அது அரிதாகத்தான் வாய்க்கும்.

அரிதாவதற்குத் திறமை மட்டும் காரணமில்லை, விதிகளும் காரணம். ரோரியனின் வாதத்துக்கு இப்போது வருகிறேன். 1999-இல் யுஎஃப்சி ஐந்து நிமிடச் சுற்றுகளுக்கு மாறியது, பிறகு வந்த பொது விதிமுறைகளிலும் அதுவே நிலைத்தது. இன்று சாதாரணச் சண்டைக்கு மூன்று சுற்று, மொத்தம் 15 நிமிடம். துல்சா முடிந்தது 15 நிமிடம் 49 நொடியில்! இன்றைய மூன்று சுற்றுக் கணக்கில் அந்தச் சண்டை முக்கோணப் பிடி விழுவதற்கு முன்பே முடிந்திருக்கும், நடுவர்கள் செவர்னின் கையைத்தான் தூக்கியிருப்பார்கள். போதாக்குறைக்கு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இருவரையும் எழுப்பி நிறுத்துவார்கள். பத்து நிமிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கால்களை மேலேற்றுவது என்ற வேலைக்கே இடமில்லை. ராய்ஸ் அணிந்திருந்த தடித்த பருத்தி உடுப்புக்கும் இன்று அனுமதியில்லை. வியர்வையில் வழுக்கும் வெற்றுடம்பில் முக்கோணத்தை இறுக்குவது அதைவிடக் கடினம்.

இதனால் கீழே கிடப்பதன் அர்த்தமே மாறிப்போனது. இன்றைய வீரர்கள் கார்டை ஆயுதமாகப் பயன்படுத்துவதைவிட, எழுந்து நிற்பதற்கான படியாகத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள்: இடுப்பை நகர்த்து, கூண்டில் முதுகைச் சாய், எழு. அதுவும் ஜியு-ஜிட்சுதான், ஆனால் ஹீலியோ காட்டிய வழி இதுவல்ல. இன்னொரு பக்கம், தரைக்கே போகாமல் தடுக்கும் திறமை அபாரமாக வளர்ந்துவிட்டது. 2017 ஜூலையில் அதே டீமியன் மயா, தன் தலைமுறையின் ஆகச் சிறந்த தரை வீரர்களில் ஒருவர், பட்டத்துக்காக டைரன் வுட்லியோடு மோதினார். 20-க்கும் மேற்பட்ட முறை காலைப் பிடித்துச் சாய்க்க முயன்றார். ஒன்றுகூடப் பலிக்கவில்லை. ஐந்து சுற்றும் நின்றபடியே தோற்றார். கீழே இருந்து ஆபத்தை உண்டாக்குபவருக்கு நடுவர்கள் இன்னும் தாராளமாகப் புள்ளி தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மேலே இருப்பதே வெற்றி என்ற பழைய மல்யுத்தக் கண்ணோட்டம் புள்ளி அட்டை வழியாகத் திரும்ப நுழைந்துவிட்டதோ என்று சில முடிவுகளைப் பார்க்கும்போது தோன்றுகிறது.

ராய்ஸையே அவருடைய கலை முந்திவிட்டது. 2006 மே மாதம், 39 வயதில், லாஸ் ஏஞ்சலஸில் மாட் ஹியூஸோடு மோதினார். ஹியூஸ் பண்ணை வேலையில் உரமேறிய உடம்போடு மல்யுத்தத்திலிருந்து வந்தவர். அவர் ராய்ஸின் கையைப் பூட்டி நிமிர்த்தினார். ராய்ஸ் வலியைப் பொறுத்துக்கொண்டு தட்ட மறுத்தார். ஹியூஸ் கையை விட்டுவிட்டு முதுகில் ஏறி, முதல் சுற்று முடிவதற்குள் குத்தி முடித்தார். முதுகைப் பிடிப்பது, கால்களால் கொக்கி போடுவது, அவசரப்படாமல் ஒரு பிடியிலிருந்து அடுத்ததற்குப் போவது எல்லாம் 1993-இல் ராய்ஸ் உலகத்துக்குக் காட்டியவை.

கடைசியாக ஒரு சண்டை. 2020 அக்டோபர் 24, அபுதாபி. கபீப் நுர்மகோமெதோவ் ரஷ்யாவின் தாகெஸ்தான் பகுதியின் மல்யுத்தத்திலும் சாம்போ என்ற ரஷ்யத் தற்காப்புக் கலையிலும் வளர்ந்தவர். எதிரே ஜஸ்டின் கேத்ஜி, செவர்னைப் போலவே அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்திலிருந்து வந்தவர். இரண்டாவது சுற்றில் கபீப் அவரைத் தரைக்குக் கொண்டுபோய், மேலே ஏறி உட்கார்ந்த நிலையிலிருந்து ஒரு காலைக் கேத்ஜியின் கழுத்துக்குப் பின்னால் செருகி, அப்படியே மல்லாந்து புரண்டார். மேலே இருக்கும் இடத்தைத் தானாகவே விட்டுக்கொடுத்துக் கீழே வந்தார். எல்லா எதிராளிகளையும் மேலிருந்தே நசுக்கி வந்த ஒருவர், தன் கடைசிச் சண்டையில், முடிப்பதற்குக் கீழே போனார். கேத்ஜிக்கு முக்கோணப் பிடி என்னவென்று தெரியாமல் இல்லை. தட்டினார், நடுவர் கவனித்துப் பிரிப்பதற்குள் நினைவும் போய்விட்டது. சுற்றின் நேரம் 1 நிமிடம் 34 நொடி.